சூடேறி அணையும் கணினி

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருவீதியில், மாத்தளை நகரைக் கடந்து ஏறக்குறைய 3 கிலோமீற்றர் சென்றால் அலுவிகாரைக் குகைக் கோயிலை அடையலாம். கிறித்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை பிக்குகளின் நினைவிலேயே வாழ்ந்துவந்த திரிபிடகம் ஓலையில் எழுதப்பெற்ற இடம் இதுவென்பது மரபு. பஞ்சமும் போரும் பிக்குகளைக் கொண்டுபோய்விட்டால் போதனையும் அவர்களோடு மறைந்துவிடுமே என்ற அச்சமே அவர்களை எழுத்தாணி பிடிக்கச் செய்தது என்பர்.

அக்கோயிலுக்கு அண்மையில் வசிக்கும் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, சில மாதங்களுக்கு முன் ஒரு மாலையில், தன் சிறிய மடிக்கணினியைத் துணிப்பையில் இட்டு என் வீட்டிற்குக் கொண்டுவந்தாள்.

“சேர், எழுதிக்கிட்டிருக்கும்போதே பொசுக்குன்னு அணைஞ்சு போகுது. கடையில காட்டினோம். இது இனி சரிவராது, வேற வாங்குங்கன்னு சொல்லிட்டாங்க” என்றாள்.

வேறு வாங்குவது எங்ஙனம்? அவளுடைய தாயார் வெளிநாட்டில் வீட்டுப் பணி செய்து அனுப்பிய பணத்தில் வாங்கியது அக்கணினி. 2022ஆம் ஆண்டு நம் நாட்டு ரூபாயின் பெறுமதி வீழ்ந்தபின், அத்தகைய பொருள்களின் விலை எளிய குடும்பங்களுக்கு எட்டாததாயிற்று. அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் அவளுக்கு இருந்தது. தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து மாத்தளைக்கு வந்த முன்னோரின் வரலாற்றை, தன் அம்மாயி சொல்லச் சொல்லக் கேட்டு, ஏறக்குறைய 40 பக்கம் எழுதி வைத்திருந்தாள். அதற்கு வேறு படி இல்லை.

ஆகவே முதலிற் செய்தது பழுது பார்ப்பதன்று. கணினி நன்றாக ஆறியிருந்த வேளையில் அதனை இயக்கி, அந்த 40 பக்கங்களையும் ஒரு பென்ட்ரைவிற்கு மாற்றிக்கொண்டோம். பழுதுற்ற கணினி எதுவாயினும் முதற் கடமை இதுவே.

அணைவது ஏன்?

கணினியின் செயலிக்குச் செல்லும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. அவ்வெப்பத்தைச் செப்புக் குழாயொன்று ஏந்திச் சென்று, நெருங்கிய மெல்லிய தகடுகளிற் சேர்க்கிறது. சிறிய விசிறியொன்று அத்தகடுகளினூடே காற்றைச் செலுத்தி, பக்கத் துளைகளின் வழியே சூட்டை வெளியேற்றுகிறது. இப்பாதையில் எங்கேனும் தடை நேர்ந்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும். செயலி முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அப்படியும் தணியாது வெப்பம் 100 பாகை செல்சியஸ் அளவை எட்டுமாயின், பல கணினிகள் தம்மைத் தாமே அணைத்துக்கொள்கின்றன. வீட்டு மின்னிணைப்பிற் கோளாறு நேர்ந்தால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறதல்லவா? அது போன்றதே இதுவும். திடீரென அணைவது கணினியின் மரணமன்று. மரணத்தைத் தடுக்க அது செய்யும் தற்காப்பு.

நோயறியும் முறை

எனினும், அணைவதெல்லாம் சூட்டினால் அன்று. மின்னேற்றியைக் கழற்றியவுடன் அணைந்தால் பற்றரியை ஐயுற வேண்டும். கம்பியை அசைக்கும்போது அணைந்தால் கம்பியையோ அது செருகும் இடத்தையோ பார்க்க வேண்டும். திரையில் அறிவிப்புக் காட்டிவிட்டு முறைப்படி அணைந்து மீண்டும் இயங்குமாயின், அது பெரும்பாலும் மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் செயலாகும்.

மாணவியிடம் ஒரு தாளைக் கொடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறிக்கச் சொன்னேன். ஆறியிருந்த கணினி 25 நிமிடம் ஓடி அணைந்தது. உடனே மீண்டும் இயக்கினோம். 3 நிமிடமே தாங்கிற்று. அரைமணி நேரம் ஆறவிட்டு இயக்கியபோது, முன்போலவே 25 நிமிடம் ஓடிற்று. ஓய்வுக்கு ஏற்ப ஆயுள் நீள்வதே சூட்டு நோயின் தெளிவான அறிகுறி. காற்றுத் துளையருகே கையை வைத்துப் பார்த்தேன். விசிறி இரைந்து சுழன்றதேயன்றி வெளியே வந்த காற்று மிக மெலிந்திருந்தது.

“எங்கே வைத்து எழுதுவாய்?” என்று கேட்டேன்.

“அம்மாயிக்கு உட்கார முடியாது சேர். படுத்துக்கிட்டேதான் கதை சொல்லும். நானும் மெத்தையில உட்கார்ந்து, தலையணை மேல வச்சு எழுதுவேன்.”

காரணம் அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது. அக்கணினி காற்றை உள்ளிழுப்பது அதன் அடிப்புறத் துளைகளினால். மெத்தையும் தலையணையும் அத்துளைகளை அடைத்துவிடும். பஞ்சிழைகளும் உள்ளே புகும்.

மருந்து

மேசைமீது வைத்தவுடன் 25 நிமிடம் 50 நிமிடமாயிற்று. பாதி நோய் தீர்ந்தது. கணினியை முற்றாக அணைத்து, மின்னேற்றியை நீக்கி, அடிப்பலகையின் திருகாணிகளைக் கழற்றினோம். உள்ளே பற்றரியின் இணைப்பையும் விடுவித்தோம். விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையே, கம்பளித் துண்டுபோல் தூசு படிந்திருந்தது. அதனை மென்மையான தூரிகையால் அகற்றி, காற்றூதியால் சிறிது சிறிதாக ஊதினோம். அப்போது விசிறியின் இதழைச் சுழலாதபடி விரலாற் பிடித்துக்கொள்ள வேண்டும். வாயால் ஊதலாகாது; எச்சிலின் ஈரம் தீங்கு செய்யும்.

அதன்பின் எழுத்து வேலைக்கு அணையவில்லை. ஆயினும் காணொளிப் பாடம் பார்க்கையில் மீண்டும் அணைந்தது. செயலிக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் பசை ஒன்று உண்டு. ஆண்டுகள் செல்ல அது காய்ந்து பயனற்றுவிடும். பழைய பசையைத் துடைத்துப் புதியதை மெல்லியதாக இடுவது பழகிய கைக்கு உரிய வேலை. மாத்தளை நகரில் தொழிலறிந்த ஒருவரிடம் அதனை ஒப்படைத்தோம். இப்போது கணினி 3 மணி நேரம் தொடர்ந்து இயங்குகிறது. புதிதாக வாங்கிய பகுதி எதுவும் இல்லை.

எச்சரிக்கை ஒன்று. கணினியின் அடிப்புறமோ விரல் தடவும் பலகையோ மேலெழும்பி உப்பியிருந்தால், பற்றரி வீங்கியிருக்கக்கூடும். அதனைத் திறவாமலும் அழுத்தாமலும் மின்னேற்றாமலும் தொழிலறிந்தவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். தீப்பற்றும் அபாயம் உண்டு. விசிறியே இல்லாத மிகச் சிறிய கணினிகளும் உள. அவற்றின் உடலே சூட்டை வெளியேற்றுவதால், வெயிலும் மெத்தையும் அவற்றுக்கு ஆகா.

கணினி நலமுற்றதை மாணவி வீட்டிற்குச் சென்று சொன்னாளாம். அம்மாயி சிரித்து, “மெசினுக்கே மூச்சு முட்டியிருக்கு. என்னையும் கொஞ்சம் காத்தாட வையி, மிச்சக் கதையைச் சொல்றேன்” என்றாராம். கட்டில் இப்போது சன்னலோரம் இருக்கிறது. கட்டிலருகே ஒரு சிறு மேசையும் வந்துவிட்டது.

ஓலையில் எழுதியதனால் மட்டும் ஒன்று நிலைத்துவிடுவதில்லை. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது, அலுவிகாரைச் சுவடிகளிற் பெரும்பகுதி அழிந்தது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. திரிபிடகம் இன்றும் வாழ்வதற்குக் காரணம், அது பல நாடுகளிற் பல படிகளாக எழுதப்பட்டிருந்தமையே. அந்த 40 பக்கங்களுக்கும் இப்போது மூன்று படிகள் உள்ளன: பென்ட்ரைவில் ஒன்று, தாளில் அச்சிட்டது ஒன்று, கடல் கடந்து தாயாரின் கைப்பேசியில் ஒன்று.

வீட்டிற் கணினி வைத்திருப்போர் இன்று மாலையே அதன் காற்றுத் துளையருகே கையை வைத்துப் பார்ப்பாராக. காற்று மெலிந்திருந்தால், முதலில் எழுத்துக்களைப் படியெடுத்துக்கொண்டு, பின்னர் தூசியை அகற்றலாம்.