உலாவியும் மாணவரும்
டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இல் முதல் இணைய உலாவியை ஆக்கினார். இன்று அக்கருவி எத்துணையோ வளர்ந்துவிட்டது. நாமோ அதன் ஒரு சிறு பகுதியையே பயன்கொள்கிறோம். 100 பக்க அறிக்கையில் ஒரு சொல்லைத் தேடிக் கண்களை வருத்துவானேன்? கண்ட்ரோல், எஃப் விசைகளைச் சேர அழுத்திச் சொல்லைத் தட்டெழுதினால், அது வரும் இடமெல்லாம் ஒளிரும். தவறுதலாக மூடிய பக்கத்தைக் கண்ட்ரோல், ஷிஃப்ட், டி ஆகிய மூன்றும் மீட்டுத் தரும்.

இவற்றினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. கல்லூரிக் கணிப்பொறியில் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவர் பலர், பணி முடிந்ததும் சாளரத்தை மூடிவிட்டு எழுந்து செல்வதைப் பார்க்கிறேன். சாளரத்தை மூடுவது வேறு. கணக்கிலிருந்து வெளியேறுவது வேறு. அடுத்து அமர்பவர் உங்கள் மடல்களைப் படிக்கலாம்; விண்ணப்பத்தையே மாற்றிவிடவும் கூடும். ஆதலின், பொதுக் கணிப்பொறியில் தனிமைச் சாளரத்தைத் திறந்து பணியாற்றுங்கள். குரோமில் கண்ட்ரோல், ஷிஃப்ட், என். ஃபயர்ஃபாக்ஸில் 'என்' விசைக்கு மாறாகப் 'பி'. (அறுபதைக் கடந்த எனக்கே இது மனப்பாடம்!) அத்தகைய சாளரங்கள் அனைத்தையும் மூடியதும், சென்ற தளங்களின் பட்டியலும் குக்கிகளும் அழிந்துவிடும். இறக்கிய கோப்புகளோ அங்கேயே தங்கும். அவற்றை நீங்களே நீக்குதல் வேண்டும். நீங்கள் எத்தளத்திற்குச் சென்றீர்கள் என்பது கல்லூரி வலையமைப்பை நடத்துவோருக்குத் தெரியாது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.