முதுகுநோயாளரும் வேட்டைப்பையும்



பாரஞ் சுமக்கும் விலங்குகளாகிய மாடும் கழுதையும் நான்கு கால்களில் நின்று, தம் முதுகைப் பாலம்போற் கிடையாக வைத்துச் சுமக்கின்றன. மனிதனோ இரண்டு கால்களில் நிமிர்ந்து நின்று, தன் முதுகைத் தூண்போல நிறுத்தி, அத்தூணின் பின்புறத்திலே சுமையைத் தொங்கவிடுகின்றான். தூணின் ஒரு பக்கத்திற் பாரத்தைத் தொங்கவிட்டால் அது அப்பக்கஞ் சாய முயல்வது இயல்பு. அச்சாய்வைத் தடுப்பதற்காக மனிதன் முன்னே குனிகின்றான். முதுகின் தசைகள் ஓயாது இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நோயற்ற முதுகு இதனைப் பொறுத்துக்கொள்ளும். நோயுற்ற முதுகு பொறுத்துக்கொள்ளாது. ஆகவே, முதுகில் நோயுடைய ஒருவர் பாரஞ் சுமந்தே ஆகவேண்டுமாயின் எத்தகைய பையைத் தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்வினாவுக்கு மிகக் கடினமான வடிவிலே விடை தேடியவர்கள் வட அமெரிக்காவின் மலைக்காடுகளில் வேட்டையாடுவோராவர். வேட்டை தகுமோ தகாதோ என்னும் வாதத்தை இன்று விட்டுவிடுவோம். அது வேறொரு பேச்சுக்குரியது. மலையேறுபவனின் பை நாளுக்கு நாள் இலேசாகும். உண்ண உண்ண உணவு குறையும். வேட்டைக்காரனின் பையோ இதற்கு நேர்மாறானது. போகும்போது 20 அல்லது 30 இறாத்தல் எடையுள்ள பை, வேட்டை கைகூடினால் திரும்பும்போது மூன்று மடங்காகிவிடும். எல்க் எனப்படும் பெரிய மானினத்தின் வளர்ந்த ஆண் ஒன்றிலிருந்து எலும்பு நீக்கிய இறைச்சி மாத்திரம் 200 இறாத்தலை எட்டக்கூடும். அதனைக் காட்டிலே விட்டுவிட்டு வருதலும் இயலாது. உண்ணத்தக்க இறைச்சியை வீணாக விட்டுவருதல் அலாஸ்கா முதலிய மாநிலங்களிலே சட்டப்படி குற்றமாகும். எனவே, களைத்த உடலோடு, வழியற்ற சரிவிலே, அந்திப்பொழுதில் பெரும்பாரத்தைச் சுமந்திறங்க வேண்டிய நிலை அவனுக்கு ஏற்படுகின்றது. நோயுள்ள முதுகுக்கு இதனினுங் கடிய சோதனை வேறில்லை.

முள்ளந்தண்டின் அமைப்பைச் சிறிது நினைவுகூர்வோம். கழுத்தில் 7, நெஞ்சுப்பகுதியில் 12, இடுப்புக்கு மேற்பகுதியில் 5 ஆக அசையக்கூடிய முள்ளென்புகள் 24 உள. அவற்றினிடையே கசியிழையத்தாலாகிய தட்டுகள் மெத்தைபோல அமைந்திருக்கின்றன. முதுகுநோய் பெரும்பாலும் இடுப்புக்கு மேலுள்ள கடைசி இரண்டு தட்டுகளை ஒட்டியே எழுகின்றது. உடலின் மேற்பாதியின் பாரமெல்லாம் அங்கே வந்து இறங்குவதே அதற்குக் காரணம். சுவீடன் நாட்டு என்புவைத்தியர் அல்ஃப் நாக்கெம்சன் என்பவர் 1960ஆம் ஆண்டுகளில், உயிருள்ள மனிதரின் தட்டினுள்ளே நுண்ணிய ஊசியைச் செலுத்தி அங்குள்ள அமுக்கத்தை அளந்தார். நிமிர்ந்து நிற்கையில் உள்ள அமுக்கத்தை நூறு எனக் கொண்டால், முன்னே குனிகையில் அது ஏறக்குறைய 150 ஆகவும், கையிலே பாரத்துடன் குனிகையில் 200க்கு மேலும் உயர்ந்தமை கண்டார். முதுகைக் கெடுப்பது பாரம் மாத்திரமன்று. பாரத்தோடு கூடிய குனிவே அதனினும் பெரிய கேடு. நல்ல பை எது என்று கேட்டால், சுமப்பவனைக் குனியவிடாத பையே நல்ல பை என்று நான் விடையளிப்பேன். மற்றவையெல்லாம் இதனுள் அடங்கும்.

குனிவைக் குறைக்க மனிதர் கண்ட பழைய வழிகளுள் ஒன்று தலைவார். நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே கொழுந்து பறிக்கும் பெண்கள், தலையிலே மாட்டிய கயிற்றாற் கூடையை முதுகில் தாங்கி வந்ததை நேயர்கள் பலரும் கண்டிருப்பர். கனடாவின் பூர்வகுடிகளும் இம்முறையையே கையாண்டனர். அவர்களிடமிருந்து இதனைக் கற்ற உரோமத்தோல் வணிகரின் படகோட்டிகள், ஆற்றுக்கும் ஆற்றுக்குமிடையே கரைவழியாகச் செல்லும்போது 90 இறாத்தற் பொதிகள் இரண்டினை ஒருங்கே சுமந்தனர். தலைவார் பாரத்தை முள்ளந்தண்டின் வழியே நேரே கீழிறக்குகின்றது. ஆயின் கழுத்தெலும்பு சிறுவயது முதலே பழகியிருத்தல் வேண்டும். நடுவயதில் முதுகுநோய் கண்டவர் புதிதாகத் தொடங்கத்தக்க வழி இதுவன்று.

அடுத்த படி நோர்வே நாட்டில் நிகழ்ந்தது. ஒலே பேர்கன் என்பவர் 1908ஆம் ஆண்டிலே முயல்வேட்டைக்குச் சென்றிருந்தபோது, முதுகிலிருந்த பை உருண்டையாகத் திரண்டு வருத்தியமையால், யூனிப்பர் மரக்கிளையொன்றைத் தம் முதுகின் வளைவுக்கேற்ப வளைத்துப் பையோடு பிணைத்தார் என்பர். முதுகுக்கு ஏற்றபடி சட்டகம் வளையவேண்டுமேயன்றிச் சட்டகத்துக்கு ஏற்றபடி முதுகு வளைதல் கூடாது என்னும் கருத்து அக்கிளையிலே பிறந்தது. அடுத்த ஆண்டில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். பிரித்தானியப் படைவீரர் தம் முதுகுப்பையை இன்றும் ‘பேர்கன்’ என்றே அழைக்கின்றனர். பின்னர் 1920ஆம் ஆண்டளவில் அலாஸ்காவிற்குச் சென்ற லொயிட் நெல்சன் என்னும் அமெரிக்கர், அந்நாட்டுப் பழங்குடியினர் வில்லோக் குச்சிகளின்மீது சீல் என்னும் கடல்விலங்கின் தோலை இழுத்துக் கட்டிச் செய்த சுமைச்சட்டகத்தைக் கண்டு, மரத்தாலும் கித்தானாலும் அதனைத் திருத்தியமைத்தார். இழுத்துக் கட்டிய கித்தானே முதுகிற் படும், மரம் படாது, இடையே காற்றும் நுழையும். அதுவே ‘டிராப்பர் நெல்சன்’ என்று வேட்டைக்காரரிடையே நெடுங்காலம் வழங்கிய சட்டகமாகும்.

ஆயினும் இவையெல்லாம் பாரத்தின் பெரும்பகுதியைத் தோளிலேயே தொங்கவிட்டன. தோளில் விழும் பாரம் முள்ளந்தண்டு முழுவதையும் அமுக்கிக்கொண்டே கீழிறங்க வேண்டியிருத்தலின், நோயுற்ற தட்டுக்குத் தப்பும் வழி இல்லை. அவ்வழியைப் பலரறியச் செய்தவர் கலிபோர்ணியாவைச் சேர்ந்த டிக் கெல்டி என்பவர். மலையிற் சுமையோடு நடக்கையில், சட்டகத்தின் கீழ்முனைகளைக் காற்சட்டையின் பின்பைகளிலே செருகியபோது தோளின் பாரம் சட்டென்று குறைந்தமையை அவரும் அவருடைய நண்பரும் உணர்ந்தனராம். 1952ஆம் ஆண்டு முதல் அவர் அலுமினியக் குழாய்ச் சட்டகங்களைத் தம் வீட்டிலேயே செய்து விற்றார். பைகளை அவருடைய மனைவியார் தைத்தார். இடுப்புப்பட்டி என்பது அவர்கள் வழியே பரவிற்று. இடுப்பெலும்பிலே பாரத்தை இறக்கிவிட்டால், அது தொடையெலும்பு வழியாக நிலத்துக்குச் சென்றுவிடுகின்றது. இடையிலே வருந்தும் அந்த இரண்டு தட்டுகளையும் அது தீண்டுவது மிகக் குறைவு. முதுகுநோயாளர் பையை வாங்கப் போகும்போது முதலிற் பார்க்கவேண்டியது பையை அன்று, பட்டியையே.

1967ஆம் ஆண்டில் கிரெக் லோ என்பவர் சட்டகத்தைப் பையினுள்ளே மறைத்தமைத்தார். வெளிச்சட்டகம் நல்லதா, உட்சட்டகம் நல்லதா என்று வேட்டைக்காரர் இன்றும் வழக்காடுவர். அவ்வழக்கிற் பொருள் அதிகமில்லை என்பது என் எண்ணம். சட்டகம் வெளியே இருப்பினும் உள்ளே இருப்பினும், அது பாரத்தில் மடங்கிச் சரியாதிருத்தல் வேண்டும். மடங்கினால் பட்டி பயனற்றுப்போக, பாரம் மீண்டும் தோளுக்கு ஏறிவிடும். சட்டகமே இல்லாத துணிப்பை முதுகுநோயாளருக்கு எவ்வாற்றானும் ஆகாது. விலை மலிவாயினும் ஆகாது.

இனி அளவைப் பார்ப்போம். பலர் தம் உயரத்துக்கேற்பப் பை வாங்குகின்றனர். உயரமானவருள் நீண்ட கால்களும் குறுகிய உடற்பகுதியும் உடையோர் உளர். ஆதலின் உயரம் இங்கே வழிகாட்டாது. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியிலே புடைத்துத் தோன்றும் முள்ளென்பிலிருந்து, இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்தாற் பெருவிரல்கள் சுட்டும் மட்டம் வரை, முதுகின் வளைவோடு நாடா பிடித்து அளத்தல் வேண்டும். வளர்ந்தோரிடம் அது பெரும்பாலும் 15 அங்குலம் முதல் 22 அங்குலம் வரை இருக்கும். அந்த அளவுக்கே சட்டகத்தைப் பொருத்தவேண்டும். பட்டியின் நடு, இடுப்பெலும்பின் மேல்விளிம்பின்மீது அமர்தல் வேண்டும்; வயிற்றிலே அமர்ந்தால் மூச்சு முட்டும், தொடைப்பக்கஞ் சரிந்தால் நடை கெடும். பட்டியின் மெத்தைகள் இரண்டும் முன்னே ஒன்றையொன்று தொடாதபடி இடைவெளி இருத்தல் நன்று. தொட்டுவிட்டால் மேலும் இறுக்க இடமில்லை. தோள்வாரின் மேற்பக்கத்திலிருந்து சட்டகத்தின் தலைக்குச் செல்லும் சிறுவார்கள் இரண்டு உண்டு. அவற்றை அளவோடு இழுத்தால், பின்னே சாய முயலும் பை முதுகோடு ஒட்டிநிற்கும். முன்னே குனியும் தேவை குறையும். இச்சிறுவார்கள் கிடையாகக் கிடந்தாற் பயனில்லை. தோளிலிருந்து சாய்ந்து மேலேறுதல் வேண்டும்.

கனடாவிலே குடியேறி வாழும் என் பழைய மாணவர் ஒருவர் ஆண்டுதோறும் இலையுதிர்காலத்திலே தம்மோடு வேலைசெய்வோருடன் மான்வேட்டைக்குச் செல்பவர். ஏணியிலிருந்து விழுந்து தட்டொன்று பிதுங்கியபின், இடக்காலில் வலி இறங்கத் தொடங்கிற்று. “சேர், அந்த ஐந்து நாட்கள்தாம் அங்குள்ளவர்கள் என்னைத் தங்களுள் ஒருவனாக எண்ணும் நாட்கள், அதையும் விடச் சொல்கிறீர்களா?” என்று அவர் எனக்கு எழுதினார். நான் வைத்தியன் அல்லன்; விடச் சொல்லவுமில்லை. அவருடைய வைத்தியர் ஒரு வரம்பு விதித்து அனுமதி கொடுத்தார். அதன் பின்னரே அவர் பை தேடினார். முதலிற் சென்ற கடையிலே வெறும்பையைத் தோளிலிட்டு, கண்ணாடியிற் பார்த்து, மிகப் பொருத்தம் என்று கூறிவிட்டார்களாம். வெறும்பை எவருக்கும் பொருந்தும். வேறொரு கடையிலே 30 இறாத்தல் மணற்பொதியை உள்ளே வைத்து, அரைமணிநேரம் நடக்கவும் படிகளில் ஏறி இறங்கவும் விட்டனர். மூன்று பைகளை அவ்வாறு சோதித்ததில், கண்ணுக்கு அழகானதும் விலை கூடியதுமாகிய பை பத்தாவது நிமிடத்திலேயே காலிற் பழைய வலியை எழுப்பிற்று. அவர் வாங்கியது மற்றொன்று. கடையில் மணற்பொதி கேட்பதற்கு எவரும் வெட்கப்படவேண்டியதில்லை.

பையின் சொந்த எடையைப் பற்றியும் ஒரு சொல். வேட்டைக்கென அமைந்த பைகள் வெறுமையாகவே 5 முதல் 8 இறாத்தல் வரை இருக்கும். முதுகுநோயாளர் இலேசான பையை நாடுதல் இயல்பு. ஆனால் சட்டகத்தையும் மெத்தையையும் குறைத்து மிச்சப்படுத்திய இரண்டு இறாத்தல், பாரம் ஏறும்போது இருபது இறாத்தலாக வருத்தும். குறைக்கவேண்டியது பைக்குள் இருப்பவற்றையே. மிகப் பெரிய பையும் வேண்டாம். இடமிருந்தால் எதையாவது இட்டு நிரப்புவது மனித சுபாவம். துணி உரசும்போது ஓசை எழுப்பாததாக இருத்தல் வேட்டைக்கு நன்று என்பர். அது முதுகைப் பொறுத்த விடயமன்று.

இக்காலத்து வேட்டைப்பைகளிலே பைக்கும் சட்டகத்துக்குமிடையே இறைச்சியை வைத்துக் கட்டுவதற்கென ஓர் இடம் உண்டு. பையைச் சட்டகத்திலிருந்து தளர்த்தி, இறைச்சிப்பொதியை இடையிலே வைத்து, மீண்டும் இறுக்கிக் கட்டிவிடுவர். மிகப் பாரமான பொருள் முதுகுக்கு மிக அண்மையிலே நிற்கின்றது என்பதே இதன் சிறப்பு. அதே இறைச்சியைப் பையின் வெளிப்புறத்திலே கட்டினால், எடை மாறாதிருந்தும் முதுகை இழுக்கும் வலிமை பெருகிவிடும். கதவின் பிணைச்சலருகே தொங்கும் பொருளையும் விளிம்பிலே தொங்கும் பொருளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேட்டைக்குச் செல்லாதவரும் இவ்விதியைக் கைக்கொள்ளலாம். பாரமானவை முதுகையொட்டி, முதுகின் நடுவுயரத்திலே. படுக்கை முதலிய இலேசானவை அடியிலே. வழியற்ற சரிவிலே நடப்பவர் பாரத்தைச் சற்றுக் கீழிறக்கி வைத்தாற் தள்ளாட்டங் குறையும். எங்கள் பாடசாலை வாயிலிலே காலையில் நிற்கும்போது, தொடைவரை தொங்கும் புத்தகப்பைகளோடு முன்குனிந்து வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் காணும்போதெல்லாம், வார்களை உயர்த்திக் கட்டச் சொல்வது என் வழக்கமாகிவிட்டது.

துவக்கை ஒரு தோளிலே தொங்கவிடுதல் கூடாது. ஏழெட்டு இறாத்தல் ஒரு பக்கம் இழுக்க, முள்ளந்தண்டு மறுபக்கம் வளைந்து அதனை ஈடுசெய்யும். பையின் பின்புறத்திலோ இரு பக்கமும் சமனாகவோ அதனைக் கட்டுதற்கு வார்கள் உளவா என்று வாங்கும்போதே பார்க்கவேண்டும்.

பையைத் தூக்கும் கணமே முதுகு முறியும் கணம். நிலத்திலே கிடக்கும் பாரப்பையை ஒரு கையாற் பற்றி, உடலை முறுக்கித் தோளுக்கு வீசும் வழக்கத்தை முதுகுநோயாளர் அறவே விடல் வேண்டும். வீழ்ந்த மரத்தின்மீதோ பாறையின்மீதோ பையை வைத்து, அதற்கு முதுகு காட்டி அமர்ந்து, கைகளை வார்களினுள் நுழைத்து, பட்டியை முதலில் இறுக்கி, பின்னர் தோள்வாரை இறுக்கி, முழங்காலின் வலியாலே எழவேண்டும். துணைவர் ஒருவர் பின்னிருந்து தாங்கினால் இன்னும் நன்று. இரண்டு ஊன்றுகோல்கள் இறக்கத்திலே பெரிதும் உதவும். இறக்கிவைக்கும்போது களைப்பினாற் பொத்தென்று விழவிடுதலும் தீது.

எவ்வளவு சுமக்கலாம்? நோயற்றவர்க்கு உடலெடையில் ஐந்திலொன்று என்பது பலரும் கூறும் அளவு. நோயுடையவர்க்கு அவரவர் வைத்தியர் கூறுவதே அளவு. 200 இறாத்தல் இறைச்சியை 25 இறாத்தலாகச் சுமந்தால் எட்டு நடை. நால்வர் சேர்ந்தால் ஆளுக்கு இரண்டு நடை. எலும்பைக் காட்டிலேயே நீக்கிவிட்டாற் பாரம் மிகக் குறையும். சட்டம் அனுமதிக்கும் இடங்களில் இரட்டைச்சில்லுத் தள்ளுவண்டியைப் பயன்படுத்துவோரும் உளர். ஐக்கிய அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டின் சட்டப்படி வனாந்தரமென ஒதுக்கப்பட்ட நிலங்களிலே சில்லுள்ள வண்டிக்கு இடமில்லை. அங்கே குதிரையும் கோவேறு கழுதையும் இலாமாவும் சுமக்கின்றன. என் மாணவர் கண்ட ஏற்பாடு யாதெனின், பாதையிலிருந்து ஒரு மைலுக்கு அப்பால் எவ்விலங்கையும் சுடுவதில்லை என்று தம் குழுவினரோடு செய்துகொண்ட உடன்பாடேயாகும்.

நடையின் இடையிலே காலில் மரத்தல் பரவினாலோ, பாதம் தூக்கமாட்டாது இழுபட்டாலோ, சிறுநீரை அடக்கவோ கழிக்கவோ இயலாது போனாலோ, பையை அவ்விடத்திலேயே கழற்றி வைத்துவிட்டு, துணைவர் உதவியோடு வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். இறைச்சியைத் துணைவர் கொண்டுவருவர்.