உங்களுக்குத் தெரியுமா? – தூத்துக்குடி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தூத்துக்குடி நகரில் 1,000 ஆண்களுக்கு 1,010 பெண்கள்! நாட்டின் சராசரி 943தான்.

• அப்போது நகர எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் சுமார் 2.37 லட்சம் பேர். ஒட்டியுள்ள ஊர்களையும் சேர்த்தால் 4 லட்சத்தைத் தாண்டும். வீடு முத்தையாபுரத்தில், பிழைப்பு துறைமுகத்தில் என்று இருப்பவர்களை விட்டுவிட்டு இந்த ஊரை அளக்கவே முடியாது.

• பர்னாந்து, மிராந்தா, கோமஸ் – பரதவர் குடும்பங்களில் வழங்கும் போர்ச்சுகீசியப் பெயர்கள். 1530களில் ஞானஸ்நானத்தோடு தொடங்கிய வழக்கம். நகருக்குத் தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்தும் அந்த மரபினரே.

• 1866இல் நகராட்சி. மாநகராட்சி ஆனது 2008இல்.