பெட்டியடியில் பயின்ற பக்தி

தைப்பூசத்தை ஒட்டிக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் புறப்படும் நகரத்தார் காவடிகளைப் பற்றி அறியாத முருகனடியார்கள் குறைவு. அந்த நடைப்பயணத்தின் தொடக்கம் ஓர் உப்பு வியாபாரம் என்பதை அறிந்தவர்கள் அதனினும் குறைவு. நெற்குப்பையைச் சேர்ந்த குமரப்பன் என்னும் வணிகர் பழனிக்கு உப்புக் கொண்டுசென்று விற்றார். கிடைத்த இலாபத்தில் ஒரு பங்கை முருகனுக்கு மகமையாக எடுத்து வைத்தார். பின்னர் மற்ற நகரத்தாரும் சேர, வழிபாடு காவடியாக வளர்ந்தது என்பது அவர்கள் மரபில் வழங்கிவரும் வரலாறு.

உப்பு விற்பது எளிய காரியமன்று. எல்லோரிடமும் இருப்பது ஒரே சரக்கு. நிறத்தையோ மணத்தையோ காட்டி வாங்குபவரை மயக்க இயலாது. படி சரியாக அளக்கப்படுகிறதா, நேற்றுச் சொன்ன விலை இன்றும் நிற்கிறதா, வருவதாகச் சொன்ன நாளில் ஆள் வந்து சேர்கிறானா என்பவற்றைத்தான் வாங்குபவர் பார்ப்பார். அதாவது அவர் எடை போடுவது உப்பை அன்று, உப்புக்காரரை. இன்று காப்பீடும் கைப்பேசியும் விற்கப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காலையில் கிளம்பும் இளைஞர்களின் நிலையும் பெரும்பாலும் இதுவே.

சரக்கு விற்பதற்குமுன் ஆளை உருவாக்க வேண்டும் என்பதை நகரத்தார் ஒரு முறையாகவே வகுத்து வைத்திருந்தனர். ஊர்விட்டு ஊர் சென்று வாணிபம் செய்வதைக் ‘கொண்டு விற்கப் போதல்’ என்றனர். அதற்குரிய பயிற்சி சிறு வயதிலேயே தொடங்கியது. கடையில் சேரும் சிறுவனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். பணப்பெட்டிக்கு அருகில் அவன் அமர்ந்திருப்பான். பெட்டியில் அவனுக்கு உரிமை ஏதும் இல்லை. பெருக்குவது, ஏவிய வேலையைச் செய்வது, பெரியவர்கள் எழுதிய கணக்கைப் படியெடுப்பது இவைதாம் அவன் பணிகள். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி என்றால் 80இல் ஒரு பங்கு, மா என்றால் 20இல் ஒரு பங்கு. இப்படிப்பட்ட பின்னங்களைக் கொண்டு வட்டியை மனத்திலேயே போட்டுச் சொல்லும் வரை அவனுக்கு விடுதலை கிடையாது. கணக்கில் தேறியவன் அடுத்தாள் ஆனான். அதிலும் தேறியவன் மேலாள் என்னும் முகவர் ஆனான். முதலாளியின் மகனாகப் பிறந்தவனும் வேறொருவர் கடையில் பெட்டியடியில் அமர்ந்து தொழில் பயில்வது உண்டு. மகனுக்கு நேராக மேலாளர் நாற்காலியை வாங்கிக் கொடுத்துவிடத் துடிக்கும் இக்காலப் பெற்றோர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

மேலாளாகக் கடல் கடந்து போகிறவருக்குச் சம்பளச் சீட்டு எழுதுவார்கள். பொதுவாக மூன்று ஆண்டுத் தவணை. சம்பளத்தில் ஒரு பகுதி முன்னதாகவே குடும்பத்துக்குக் கிடைத்துவிடும். அதன்பின் மோல்மீனிலோ இரங்கூனிலோ பினாங்கிலோ கிட்டங்கி என்னும் நீண்ட கூடத்தில் தமக்கென ஒதுக்கிய இடத்தில், ஒரு பெட்டியும் ஒரு சாய்வு மேசையும் துணையாக அவர் அமர்ந்திருப்பார். முதலாளியோ காரைக்குடிப் பக்கத்தில். இருவருக்கும் இடையே வங்கக் கடல். தொலைபேசி இல்லை, கண்காணிக்க யாருமில்லை. ஊருக்கு வந்துசேரும் கடிதங்களும் ஐந்தொகைக் கணக்குமே சாட்சி. மூன்று ஆண்டுகளும் மனைவி மக்கள் ஊரில் இருப்பார்கள். புறப்படும்போது தொட்டிலில் கிடந்த குழந்தை, அவர் திரும்பும்போது வாசலில் நிற்பவர் யாரென்று தாயைக் கேட்கும். அந்த ஆண்டுகளில் வீட்டையும் வரவு செலவையும் உறவு முறைகளையும் கட்டிக் காத்தவர்கள் ஆச்சிமார்கள். வணிக வரலாறுகளில் அவர்களுக்குக் கிடைத்திருக்கும் இடம் மிகவும் சிறியது.

இத்தனை தொலைவில், இத்தனை பணத்துக்கு நடுவே ஒருவரை நேர்மையாக நிறுத்தி வைத்தது எது? தண்டனை அச்சம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவர் எழுதிய ஏட்டின் தலைப்பில் சிவமயம் என்றிருந்தது. ஏட்டின் உள்ளே இறைவன் பெயரிலும் பற்று வரவு இருந்தது. மகமை என்பது மிஞ்சியதிலிருந்து மனமுவந்து கொடுக்கும் தானமன்று. தொழிலில் விகிதம் வகுத்து எழுதப்பட்ட தொகை, கொடுத்தே தீர வேண்டிய கடன். தண்டாயுதபாணி அங்கே வழிபடப்படும் தெய்வம் மட்டுமல்லர், கணக்கில் பெயருள்ள ஒரு தரப்பினருமாவார். நகரத்தார் சென்ற இடமெல்லாம் அவருக்குக் கோயில் எழுந்தது. சிங்கப்பூரில் டேங்க் சாலையில் உள்ள கோயில் 1859இல் எழுப்பப்பட்டது. இரங்கூனில் கடைக்காரர்கள் கூடி வட்டி விகிதத்தை முடிவு செய்த இடமும் கோயில்தான். பொய் சொல்ல நினைப்பவரும் சந்நிதியில் இருந்துகொண்டுதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு கட்டும் உண்டு. பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இளையாற்றங்குடி முதலிய ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தவராகத்தான் ஒவ்வொரு நகரத்தாரும் இருப்பார். திருமணத்துக்கு அந்தக் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும்; மணமான தம்பதியர் ஒரு புள்ளியாகக் கோயில் கணக்கில் ஏறுவார்கள். கடையில் ஒருவர் கெடுத்துக்கொள்ளும் பெயர் இங்கும் வந்து சேரும்.

இத்தனை ஒழுங்கும் இருந்தும் பர்மாவில் நேர்ந்தது என்ன என்பதை மறைப்பது முறையன்று. உழவர்கள் நிலத்தை ஈடாக வைத்துக் கடன் பெற்றிருந்தனர். 1930ஐ ஒட்டி உலகெங்கும் வீசிய பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது, கடன் திரும்பவில்லை, நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த அவர்களது நில உடைமை, 1938 அளவில் 25 விழுக்காட்டை எட்டியது. அவர்கள் வேண்டியது பணம், கிடைத்தது மண். நிலமிழந்த உழவனுக்கு அந்த வேறுபாடு எப்படி விளங்கும்? ஏட்டில் ஓர் எழுத்தும் பிசகவில்லை. ஆனால் வாடிக்கையாளர் அழிந்துகொண்டிருந்தார். முதலாளிக்கு உண்மையாக இருப்பது தொழிலில் பாதிதான் என்பதைப் பர்மா கடுமையாகக் கற்பித்தது. 1942இல் போர் வந்தபோது இந்தியர் பலர் காட்டு வழியே நடந்து தாயகம் திரும்பினர். 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது.

அந்த இழப்பின் நிழல் படாமல் விலகியவர்களும் உண்டு. பள்ளத்தூர் ஏ.எம்.முருகப்பச் செட்டியார் 14 வயதில் பர்மாவில் உறவினர் கடையில் தொழில் பழகியவர். 1900இல் மோல்மீனில் தம் கடையைத் தொடங்கினார். போருக்கு முன்பே, 1930களில், முதலைத் தாய்நாட்டுக்குத் திருப்பிவிட்டது அந்தக் குடும்பம். 1949இல் சென்னையில் அவர்களது டி.ஐ. சைக்கிள்ஸ் உருவாயிற்று. வட்டிக்கடையில் பயின்ற கை மிதிவண்டிக்கு மாற முடிந்தது. பெட்டியடியில் அவர்கள் கற்றது வட்டித்தொழிலை மட்டுமன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கடைகள் மூடின, கிட்டங்கிகள் கைமாறின. ஆனால் தெய்வத்தின் பேரில் எழுதியது நின்றுவிடவில்லை. காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதர் பூசைக்கான பொருள்களைச் சுமந்துகொண்டு, ‘சம்போ மகாதேவா’ என்று முழங்கியபடி குறுகிய சந்துகளின் வழியே நடந்து செல்லும் வழக்கம் பல தலைமுறைகளாகத் தொடர்ந்து வருகிறது. அதனாலேயே அதற்குச் ‘சம்போ’ என்று பெயர். காசிக்குச் செல்லும் அன்பர்கள் அந்த முழக்கம் கேட்டால் சற்று ஒதுங்கி வழிவிட்டு, வணங்கிச் செல்லலாம்.