இரண்டரைப் பரப்பு, மூன்று பங்கு

மானிப்பாயில் தரம் 7 பிள்ளைகளுக்குப் பின்னம் படிப்பிக்க எனக்குக் கைகொடுப்பது காணிக் கணக்குத்தான். இரண்டரைப் பரப்பு, மூன்று சகோதரர், ஆளுக்கு எவ்வளவு? நாலு பேருக்கு ஒரேயொரு தாள் கொடுப்பேன். ஆளுக்கொரு தாள் கொடுத்தால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள்.

"பரப்புக்குப் பத்துப் பேர்ச். இருபத்தைந்தை மூன்றாலை பிரி, எட்டும் மூன்றிலொன்றும்" என்றாள் ஒருத்தி.

"இல்லை, ஆறில் ஐந்து பரப்பு" என்றான் பக்கத்தில் இருந்தவன். "ரீச்சர், எது சரி?"

"நீங்களே பாத்துச் சொல்லுங்கோ" என்று நகர்ந்துவிட்டேன். வாக்குவாதப்பட்டு, படம் கீறி, இரண்டும் ஒன்றென்று காட்டினார்கள்.

2007 பாடத்திட்டத்தோடு வந்த '5ஈ' (5E) கற்பித்தல் முறையும் இப்படிக் குழுவாகத் தேடச் சொன்னதுதான். ரியூசன் கொட்டிலில் இது நடவாது. அங்கே விடைக்குத்தான் அவசரம். வீட்டில் பிள்ளையிடம் புள்ளியை மட்டும் கேளாமல், பக்கத்துப் பிள்ளை அந்தக் கணக்கை எப்படிச் செய்தது என்றும் கேளுங்கள்.