ராகம் இனித்தால் போதுமா?

பிரிக்பீல்ட்ஸ் சீயோன் லுத்தரன் ஆலயம் 1924இல் எழுந்தது. தமிழகத்திலிருந்து வந்த லுத்தரன் மக்கள் இருவகைப் பாட்டைச் சொத்தாகக் கொண்டவர்கள். ஒன்று ஞானப்பாட்டு. 18ஆம் நூற்றாண்டில் பப்ரிசியஸ் ஐயர் ஜெர்மன் பாட்டுகளை அதே மெட்டுக்குத் தமிழாக்கினார். உபதேசம் சுத்தம்தான், ஆனால் மெட்டு இழுக்கிற இடத்தில் குறிலும் நெடிலாகிச் சொல் தடுமாறும்.

மற்றது கீர்த்தனை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கருத்தைப் பல்லவியில் வைத்துச் சரணங்களில் விரித்தார். எழுத்தறியாதவருக்கும் பல்லவி மனதில் நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டு வேதக் கதையைத் தொடரலாம்.

இன்று கிள்ளான் வரை கேட்கும் புதுப் பாட்டுகள் பலவற்றில் ஆசீர்வாதம் கேட்பதே திரும்பத் திரும்ப வருகிறது. சிலுவை எதற்கு என்ற பேச்சையே காணோம். கிட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை. பாடி முடித்த பிள்ளையிடம், பாட்டில் இயேசு என்ன செய்தார் என்று கேட்டுப் பாருங்கள்.