கரிசல் வெயிலில் ஒரு கறுப்பு அங்கி

பட்டமளிப்பு விழா நாளன்று அருப்புக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் காலை எட்டு மணிக்கே அந்தக் கூட்டத்தை அடையாளம் கண்டுகொள்ளலாம். திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி, பந்தல்குடிப் பக்கத்து ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். பட்டம் வாங்கும் பிள்ளை ஒன்று, கூட வந்தவர்கள் நான்கைந்து பேர். அப்பாவின் வேட்டியில் சலவை மடிப்புக் கலைந்திருக்காது. அம்மா பெட்டியிலிருந்து எடுத்த பட்டுச்சேலையில் இருப்பார். கல்லூரிக்குள் போனதும் பிள்ளை முதலில் நிற்பது அங்கி கொடுக்கும் வரிசையில்தான். பதிவேட்டில் கையெழுத்து, முன்பணம், மடித்த கறுப்பு அங்கி, துறைக்கொரு நிறத்தில் கழுத்துப்பட்டை, அது நழுவாமலிருக்கத் தோளில் இரண்டு ஊக்கு. அங்கியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் பாட்டி கேட்பார்: "ஏத்தா, இந்த வெயில்ல இதப் போட்டுக்கிட்டு எப்படி உக்காந்திருப்ப?"

நல்ல கேள்வி. இயற்பியல், உடலியல், நெசவு மூன்றும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி. நாம் எல்லோரும் அங்கியின் கறுப்பு நிறத்தைத்தான் குற்றம் சொல்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரிய குற்றவாளி வேறு இடத்தில் இருக்கிறது.

இந்த அங்கி பிறந்தது குளிர் நாட்டில். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் பல்கலைக்கழகங்கள் உருவானபோது அங்கே கற்பித்தவர்களும் கற்றவர்களும் பெரும்பாலும் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். கணப்பு இல்லாத கல் மண்டபங்களில் மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருந்ததால் கனத்த நீள அங்கியும், தலையை மூடிக்கொள்ள முக்காடும் அவர்களுக்குத் தேவைப்பட்டன. இன்று முதுகில் தொங்கும் வண்ணப்பட்டை அந்த முக்காட்டின் மிச்சம். 1857-இல் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டன. பட்டமளிப்புச் சடங்குகளும் அங்கியும் அந்த வழியில்தான் நம்மிடம் வந்தன. சென்னையின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். கலித்தொகையைப் பிற்காலத்தில் அச்சில் ஏற்றித் தமிழுக்கு மீட்டுத் தந்தவர் அதே தாமோதரம்பிள்ளை. 1966-இல் மதுரைக்கும் ஒரு பல்கலைக்கழகம் வந்தது. அருப்புக்கோட்டையின் தேவாங்கர் கலைக் கல்லூரியும் சைவபானு க்ஷத்திரியக் கல்லூரியும் அந்த மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. குளிருக்காகத் தைத்த உடை இப்படிக் கரிசல் காட்டுக்கு வந்து சேர்ந்தது.

இப்போது நிறத்தின் கணக்கைப் பார்ப்போம். மேகமில்லாத நண்பகலில் தரையின் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் ஏறத்தாழ 1,000 வாட் வெயில் விழுகிறது. அதில் ஏறக்குறைய பாதிதான் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி. மீதியில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். ஒரு துணி கறுப்பாகத் தெரிகிறது என்றால், கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது விழுங்கிக்கொள்கிறது என்று மட்டுமே பொருள். அகச்சிவப்பை அது என்ன செய்கிறது என்பது சாயத்தைப் பொறுத்தது. துணிக்குப் போடும் கறுப்புச் சாயங்களில் பல அகச்சிவப்பை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. அகச்சிவப்பில் படம் எடுக்கும் கேமராவின் முன் நின்றால் சில கறுப்புச் சட்டைகள் வெளுத்துத் தெரிவது இதனால்தான். கறுப்புத் துணி வெள்ளையைவிட அதிக வெப்பத்தை வாங்குகிறது என்பது உண்மை. ஆனால் கண்ணுக்குத் தோன்றுகிற அளவு அந்த வித்தியாசம் எப்போதும் இருப்பதில்லை.

துணி வாங்கிய வெப்பம் தோலுக்குப் போய்ச் சேர்கிறதா என்பது அடுத்த கேள்வி. சினாய் பாலைவனத்து பெடூயின் மக்கள் கொளுத்தும் வெயிலில் கறுப்பு அங்கி அணிகிறார்கள். ஏன் என்று ஷ்கோல்னிக், டெய்லர், ஃபின்ச், போருட் ஆகிய நான்கு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். நெகேவ் பாலைவனத்தில் நண்பகல் வெயிலில் ஒருவரை நிற்கவைத்து, கறுப்பு அங்கி, அதே போன்ற வெள்ளை அங்கி, ராணுவச் சீருடை, அரைக்கால்சட்டை என்று மாற்றி மாற்றி அணியச் செய்து அளந்தார்கள். முடிவு 1980-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. கறுப்பு அங்கியின் மேற்பரப்பு கூடுதலாகச் சூடேறியது. ஆனால் உடம்புக்குள் போன வெப்பம் கறுப்பிலும் வெள்ளையிலும் ஒரே அளவுதான். கறுப்பு கூடுதலாக வாங்கிய வெப்பம் தோலைத் தொடும் முன்பே வெளியேறிவிட்டது.

எப்படி வெளியேறியது? அந்த அங்கி தொளதொளவென்று இருக்கும். துணிக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு காற்று அடுக்கு. வெயிலில் துணி சூடாக, அதை ஒட்டிய காற்றும் சூடாகி, அடர்த்தி குறைந்து மேலே ஏறிக் கழுத்து வழியாக வெளியேறும். அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து புதிய காற்று வரும். நடக்கும்போது துணி அசைந்து இந்த ஓட்டத்தை இன்னும் விரைவாக்கும்.

பறவைகளிலும் இதே சங்கதி உண்டு. 1978-இல் வால்ஸ்பெர்க், கேம்பெல், கிங் மூவரும் கறுப்புப் புறா இறகையும் வெள்ளைப் புறா இறகையும் விளக்கொளியில் வைத்து, காற்றின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து அளந்தார்கள். காற்று அசையாதபோது கறுப்பு இறகின் வழியாகத்தான் அதிக வெப்பம் உள்ளே போனது. காற்று வேகமாக வீசி, இறகுகள் சிலிர்த்து நின்றபோது நிலைமை தலைகீழ். கறுப்பு இறகு ஒளியை மேற்பரப்பிலேயே பிடித்துவிடுவதால் காற்று அந்தச் சூட்டைச் சுலபமாக அள்ளிக்கொண்டு போகிறது. வெள்ளை இறகில் ஒளி ஊடுருவி, தோலுக்குப் பக்கத்தில் போய்ச் சூடாகிறது. ஆடி மாதக் காற்றில் வேலிக்கருவை உச்சியில் உட்கார்ந்திருக்கும் காக்கையைப் பார்த்து இனி நாம் பரிதாபப்படத் தேவையில்லை.

அப்படியானால் பட்டமளிப்பு அரங்கில் ஏன் அங்கி நனைந்து முதுகோடு ஒட்டுகிறது? அரங்கத்துக்குள் வெயிலே இல்லையே. அங்கே சூட்டைக் கிளப்புவது உடம்புதான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை இடைவிடாமல் வெளியிடுகிறது. தோலின் வெப்பநிலை சுமார் 34, 35 டிகிரி செல்சியஸ். சுற்றியிருக்கும் காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால் வெப்பம் தானாகப் போய்விடும். சித்திரை வைகாசியில் இந்தப் பக்கம் காற்றே தோலைவிடச் சூடு. அப்போது உடம்புக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 100 வாட்டை அப்புறப்படுத்த மணிக்கு 150 கிராம் வியர்வை போதும். ஆனால் அது ஆவியாக வேண்டும். சொட்டி வழிந்து ஓடும் வியர்வையால் உடம்பு குளிராது. வீணாவது தண்ணீர்தான்.

இந்த இடத்தில் வறண்ட நாடு நமக்குத் துணை நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர்தான் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் பெய்துவிடும். மற்ற மாதங்களில் காற்று ஈரத்துக்கு ஏங்கும். நெசவாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் வேலையைப் பொழுது ஏறுவதற்குள் முடித்துவிடப் பார்ப்பார்கள். வெயில் ஏறினால் கஞ்சி நூலில் சீராகப் பரவும் முன்னே காய்ந்து, இழை முறுக்கேறி அறுந்துபோகும். பாவை அவசரமாகக் காயவைக்கும் அதே வறட்சி, வியர்வையையும் அதே வேகத்தில் எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது. சென்னையிலும் தூத்துக்குடியிலும் கடற்காற்றின் புழுக்கத்தில் உட்காரும் பட்டதாரிகளுக்கு இந்த வசதி இல்லை.

அந்த உலர்ந்த காற்றுக்கும் தோலுக்கும் நடுவில் நிற்பது துணி. இங்கேதான் குற்றவாளி அகப்படுகிறது. வாடகை அங்கிகளில் பெரும்பாலானவை வழவழப்பான, நெருக்கமாக நெய்த பாலியஸ்டர். சாதாரண நிலையில் 100 கிராம் பஞ்சிழை காற்றிலிருந்து சுமார் எட்டரை கிராம் ஈரத்தைத் தனக்குள் வாங்கி வைத்திருக்கும். 100 கிராம் பாலியஸ்டர் இழை அரை கிராம்கூட வாங்காது. பருத்தி இழையின் மூலக்கூறில் நீரைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் ஏராளம். பாலியஸ்டரில் அவை மிகக் குறைவு. விளையாட்டு வீரர்களின் பாலியஸ்டர் பனியன் வியர்வையைக் கடத்துகிறதே என்று கேட்கலாம். அதில் இழைகளுக்கு நடுவே நுண்ணிய இடைவெளிகளை விட்டு, ஈரம் ஊர்ந்து வெளியே வரும்படி பின்னியிருப்பார்கள். அங்கித் துணியில் அந்த ஏற்பாடு இல்லை. ஆகவே அங்கிக்குள் இருக்கும் காற்று சீக்கிரமே ஈரத்தால் நிறைந்துவிடுகிறது. வெளியே கரிசலின் வறண்ட காற்று காத்துக்கிடக்க, உள்ளே நாம் கடற்கரைப் புழுக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அரங்கமும் தன் பங்கைச் செய்கிறது. ஆயிரம் பேர் உட்கார்ந்தால் 100 கிலோவாட் வெப்பம். அது முழுவதும் வியர்வை வழியாகவே போனால் ஒரு மணி நேரத்தில் 150 லிட்டர் நீர் அந்த அறையின் காற்றில் கலக்கும். மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. தோலை ஒட்டித் தேங்கி நிற்கும் ஈரக்காற்றை விலக்கி விடுவதுதான் அதன் வேலை. அந்த ஈரம் அறையைவிட்டு வெளியேற வழியில்லை என்றால் விசிறியும் கொஞ்ச நேரத்தில் தோற்றுவிடும். உயரமான கூரை, மேலே சாளரம், எதிரெதிரே திறந்த கதவுகள் உள்ள பழைய மண்டபங்களும், பக்கங்கள் திறந்த பந்தலும் கூட்டத்தைத் தாங்குவது இதனால்தான்.

விழா நீளும்போது ஓரிரு மாணவர்கள் மயங்கி விழுவதுண்டு. சூட்டில் தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. வரிசையில் அசையாமல் நிற்கும்போது இரத்தம் கால்களில் தேங்குகிறது. வியர்த்ததில் உடம்பின் நீரும் குறைந்திருக்கும். காலையில் பரபரப்பில் சாப்பிடாமல் வந்திருந்தால் இன்னும் மோசம். மூளைக்குப் போகும் இரத்தம் சில நொடிகள் குறைந்தாலே கண் இருட்டும். விழுந்து படுத்ததும் தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வருவதால் பெரும்பாலும் உடனே தெளிந்துவிடும். தடுக்கும் வழியும் எளிது. கெண்டைக்கால் தசை ஒவ்வொரு முறை இறுகும்போதும் தேங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகிறது. நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினாலே போதும். ஒத்திகை நாளில் எந்தக் கையால் பட்டத்தை வாங்குவது என்று சொல்லித்தருகிறோம். இதையும் சொல்லித்தர வேண்டும். அங்கிக்குள் மெல்லிய பருத்திச் சட்டையோ சுடிதாரோ போடச் சொல்ல வேண்டும். வரிசையில் தண்ணீர் வைக்க வேண்டும்.

ஒரு வியர்வையை மட்டும் எந்த ஏற்பாட்டாலும் தடுக்க முடியாது. பெயர் வாசிக்கப்படும் நொடியில் உள்ளங்கையில் பூக்கும் வியர்வை. அது சூட்டுக்கு வருவதில்லை. குளிரூட்டிய அறையிலும் வரும். உள்ளங்கை, உள்ளங்கால் சுரப்பிகள் முக்கியமாக மனக்கிளர்ச்சிக்குக் கட்டுப்பட்டவை. தோல் லேசாக ஈரமாக இருந்தால் பிடிமானம் கூடும் என்பதால் மரமேறி வாழ்ந்த முன்னோர்களிடமிருந்து வந்த ஏற்பாடு இது என்று கருதுகிறார்கள். குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கப் போகும் பெண்ணின் உள்ளங்கையில் அது கொஞ்சம் கூடுதலாகவே பூக்கட்டும். அந்த மேடைக்கு வர மூன்று தலைமுறை உழைத்திருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பட்டமளிப்பு போன்ற விழாக்களில் கைத்தறி அங்கிகளைப் பயன்படுத்தும்படி 2019-இல் பல்கலைக்கழக மானியக் குழு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. நம் வெப்பத்துக்கும் புழுக்கத்துக்கும் அது இதமானது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இதை நிறைவேற்ற அருப்புக்கோட்டையைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. இந்த வட்டாரத்துக் கரிசல் மண்ணில் மானாவாரியாகக் கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி விளைந்தது. 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் அந்தக் குலத்திலிருந்து பல ரகங்களைத் தேர்ந்தெடுத்துத் தந்தது. ஊருக்குள் தலைமுறை தலைமுறையாகப் பருத்திச் சேலை நெய்யும் குடும்பங்கள் உண்டு. எந்த நூல் எவ்வளவு காற்று விடும் என்பது அவர்களின் விரல் நுனியில் இருக்கிறது. அவர்கள் 'நாற்பதாம் நம்பர்' என்று சொல்லும் நூலில், 840 கஜச் சிட்டங்கள் நாற்பது சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு எடை. அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான நூல் 30 கிலோமீட்டருக்கு மேல் நீளும். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போய்த் திரும்பும் தூரம் அது. அந்த நூலைக் கொஞ்சம் இளக்கமாக நெய்து, கழுத்தும் கையும் அகலமாகத் தைத்தால், கறுப்பாகவே இருந்தாலும் அந்த அங்கி இந்த வெயிலுக்கு ஏற்ற உடையாகிவிடும்.

இதை நம்பிக்கையாக மட்டும் விட்டுவிட வேண்டியதில்லை. அளந்தே பார்க்கலாம். ஒரு விழாவில் பாதிப் பேருக்குக் கைத்தறி அங்கி, பாதிப் பேருக்கு வழக்கமான அங்கி கொடுக்கலாம். இயற்பியல் துறையின் இளையவர்கள் அங்கிக்குள் சிறு வெப்பமானியும் ஈரப்பதமானியும் வைத்து, அரை மணிக்கொரு முறை குறித்துவைக்கலாம். செலவு அதிகமில்லை, கருவிகள் கடையில் கிடைக்கின்றன. வரும் முடிவை வெளியிட்டால் ராமநாதபுரம் முதல் தூத்துக்குடி வரை இதே வெயிலில் பட்டம் கொடுக்கும் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் அது பயன்படும். எண்கள் கைத்தறியின் பக்கம் நின்றால் அடுத்த ஆண்டு அங்கிக்கான கொள்முதல் ஆணை ஊர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகட்டும்.